கடல் கடந்த தொண்டும் கட்டிலில் கிடந்த ஆச்சியும்

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவர்)

கடல் கடந்து போவது தென்காசிச் சீமைக்குப் புதிதன்று. கடையநல்லூரிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். எங்கள் தெருவிலேயே துபாய், மஸ்கட், சவூதி என்று போய் வந்தவர்கள் பதினொரு பேர் உண்டு. போகிறவன் சம்பாதிக்கப் போகிறான்; வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான்; அக்காள் தங்கை கல்யாணத்தை முடிக்கிறான்; மாடி எடுத்துக் கட்டுகிறான். இது எல்லோருக்கும் விளங்கும் கணக்கு. ஆனால், சம்பளம் இல்லாமல் ஓராண்டு ஜெர்மனிக்குப் போய், முன்பின் அறியாத கிழவர் கிழவியரைக் குளிப்பாட்டிச் சோறூட்டப் போகிறேன் என்று 2022ஆம் ஆண்டு நான் சொன்னபோது, அந்தக் கணக்கு வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. என் தந்தையார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அதுக்கு எதுக்குல பாஸ்போர்ட்டு?"

அன்று அதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்த பின், வகுப்புத் தோழர்களும் பேராசிரியர்கள் சிலரும், "எப்படிப் போனாய்? யார் செலவு? என்ன வேலை?" என்று கேட்டவண்ணம் இருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி மாளவில்லை. ஆகவே, மலர்க் குழுவினர் கேட்டவுடன் எழுத ஒப்புக்கொண்டேன். தந்தையாரின் கேள்வியையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இத்தகைய தொண்டின் வரலாற்றை முதலில் சிறிது சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் வெர்டன் என்னும் இடத்தில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மானியப் படையும் ஏறக்குறைய பத்து மாதங்கள் மோதின. சுற்றியிருந்த ஊர்கள் தரைமட்டமாயின. போர் முடிந்து ஈராண்டுகள் கழித்து, 1920ஆம் ஆண்டு நவம்பரில், பியேர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் அவ்வூர்களில் ஒன்றான எஸ்ன் என்ற சிற்றூருக்குச் சில நண்பர்களுடன் மண்வெட்டி தூக்கிக்கொண்டு போனார். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகனோ, படைவரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். அவருடன் சென்ற குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர் என்பதுதான் செய்தி. இடித்த நாட்டுக்காரனே வந்து கட்டித் தரட்டும் என்பது அவர் எண்ணம். உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பி, 1921ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அந்த முகாம் கலைந்தது. தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து வளர்ந்ததுதான் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற அனைத்துலகத் தொண்டு அமைப்பு.

நம் நாட்டுக்கும் அதில் பங்குண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய செரசோல் கப்பலேறி இந்தியா வந்தார். காந்தியடிகளையும் இராஜேந்திர பிரசாத்தையும் கண்டார். சில தோழர்களுடன் முசாபர்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு கட்டும் பணியில் ஈடுபட்டார். ஐரோப்பியர் என்றால் துரை என்றே அறிந்திருந்த கிராமத்தார், மண் சுமக்கும் வெள்ளைக்காரரைக் கண்டு என்ன நினைத்திருப்பர் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. நாமெல்லாம் சீருடைத் தொப்பி போட்டுக்கொண்டு பார்த்தீனியம் பிடுங்கும் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. அதுவும் ஒருவகையில் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல், ஜெர்மானிய இளைஞர் சிலர் அமெரிக்கக் குடும்பங்களில் ஓராண்டு தங்கி வர அனுப்பப்பட்டனர். போரில் எதிரிகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் ஒரே மேசையில் உண்ண வேண்டும் என்பது நோக்கம். அதிலிருந்து வளர்ந்த இளைஞர் பரிமாற்ற அமைப்பு இன்று பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் இயங்குகிறது. ஐ.சி.ஒய்.இ. என்பது அதன் சுருக்கப் பெயர். இதுபோன்ற அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் நான் போனேன்.

செலவு யாருடையது என்று கேட்போருக்கு: ஜெர்மன் அரசின் பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகம் 2008ஆம் ஆண்டு 'வெல்ட்வெர்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 'உலகை நோக்கி' என்பது பொருள். முதலில் அந்நாட்டு இளைஞர்களை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். "உங்கள் பிள்ளைகள் மட்டும்தான் எங்கள் ஊருக்கு வந்து உதவ வேண்டுமா? எங்கள் பிள்ளைகள் உங்களுக்கு உதவக் கூடாதா?" என்ற நியாயமான கேள்வி எழுந்தது. 2013ஆம் ஆண்டுக்குப் பிறகு எதிர்த்திசையிலும் ஆட்களை எடுக்கத் தொடங்கினார்கள். பயணச் செலவு, தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு, சிறிது கைச்செலவுப் பணம் ஆகியவை கிடைக்கும். ஆண்டுக்கு 25 நாட்கள் கருத்தரங்கு வகுப்புகள் உண்டு. சம்பளம் கிடையாது. ஜெர்மன் மொழி தொடக்க நிலையாவது தெரிந்திருக்க வேண்டும். நான் ஆறு மாதம் படித்தேன். 'தெர், தீ, தாஸ்' என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் பிரித்து மனப்பாடம் செய்த துன்பத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. அம்மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அஃறிணை. அவ்வளவு சொன்னால் போதும்.

என்னைப் போன்றவர்களை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மனச்சான்றுக்கு மாறாக ஆயுதம் ஏந்த எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1949ஆம் ஆண்டின் மேற்கு ஜெர்மானிய அரசியல் சட்டம் உறுதி கூறிற்று. படையில் சேர மறுத்த இளைஞர்கள், அதற்கு ஈடாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 1961இல் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்பிள்ளைகள் அவ்வாறு மலச்சட்டி எடுத்தும் சக்கர நாற்காலி தள்ளியும் பணியாற்றியிருக்கின்றனர். 2011இல் கட்டாயப் படைச்சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. அத்துடன் இந்த ஏற்பாடும் முடிந்தது. கைகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் அல்லவா? அதே ஆண்டு ஜூலை முதல் 'கூட்டாட்சித் தன்னார்வத் தொண்டு' என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நான் சேர்ந்தது அதில்தான். ஆக, துப்பாக்கி தூக்க மறுத்தவன் விட்டுச்சென்ற இடத்தில் தென்காசிக்காரன் போய் நின்றேன் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

எனக்குக் கிடைத்த ஊர் ஹாலே. சாலே ஆற்றங்கரையில் உள்ள நகரம். முன்னாள் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்தது. தமிழ் மாணவர்கள் இவ்வூரை அறிந்திருக்க வேண்டும். தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு இவ்வூரில் பயின்றவர். தரங்கம்பாடி அச்சகத்துக்காகத் தமிழ் எழுத்துகள் இங்கேதான் வார்க்கப்பட்டு, கப்பலேறி வந்தன. இவ்வூரிலுள்ள பிராங்கே நிறுவனங்களில் தமிழ் ஓலைச்சுவடிகளை இன்றும் பாதுகாத்து வருகின்றனர். ஒரு விடுமுறை நாளில் போனேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் பனையோலை. அந்த ஓலையைக் கண்டபோது எனக்குத் தமிழ் நினைவுக்கு வரவில்லை. பதநீர் குடிக்கும் பட்டைதான் நினைவுக்கு வந்தது. பசி நேரம்.

இனி வேலையைச் சொல்கிறேன்.

காலை முறை ஆறு மணிக்குத் தொடங்கும். நான் செவிலியன் அல்லேன், உதவியாள். மருந்து கொடுக்கும் உரிமை எனக்கில்லை. முதல் மூன்று வாரம், வேலை தெரிந்த ஓர் அம்மாளின் பின்னால் நின்று பார்த்தேன். முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டுவதற்கு இத்தனை படிகள் உண்டென்று நான் கனவிலும் கருதியதில்லை. கதவைத் தட்ட வேண்டும். பதில் வராவிட்டாலும் தட்ட வேண்டும். பெயர் சொல்லி வணக்கம் கூற வேண்டும். கையை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே உடலைத் தொட வேண்டும். முதலில் முகம், சோப்பு இல்லாமல். பின் ஒரு கை. அதைத் துடைத்துத் துவாலையால் மூடிய பிறகே மறு கை. எப்போதும் ஒரு பகுதி மட்டுமே திறந்திருக்கும். மற்றவை மூடியே இருக்கும். ஒவ்வொரு படிக்கும் முன், "இப்போது முதுகைத் துடைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நினைவு தப்பியவரிடமும் இப்படியே கேட்க வேண்டும்.

படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது அடுத்த கடமை. காரணம் எளிது. உடலின் பாரம் வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் இறங்குகிறது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் போகாத சதை சில மணி நேரத்தில் சாகத் தொடங்குகிறது. நமக்கு இது நேர்வதில்லை. தூக்கத்திலும் நாம் புரண்டுகொண்டே இருக்கிறோம். புரள முடியாதவருக்கு வேறொருவர் புரள வேண்டும். அதுதான் படுக்கைப் புண்ணுக்கான முதல் மருந்து. களிம்பெல்லாம் பிறகுதான். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும்; வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண்ணின் முதற்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பதினான்காம் எண் அறையில் இருந்த அம்மையாருக்கு வயது 91. போர்க்காலத்தில் சிறுமி. பின்னர் டிராம் வண்டியில் பயணச்சீட்டுக் கொடுப்பவராக வேலை பார்த்தவர். நினைவு பெரும்பாலும் போய்விட்டது. மாலை ஐந்து மணியானால், "அம்மா தேடுவாள், நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்று எழுந்து நிற்க முயல்வார். அம்மா இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆயின என்று சொல்லிப் பயனில்லை; சொன்னால் அன்றுதான் இறந்ததுபோல் அழுவார். "அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்று நாம் கேட்க வேண்டும். அவர் நேரம் சொல்வார். வண்டி வரும்வரை உட்காரலாமே என்போம். உட்கார்வார். வண்டியை மறந்துவிடுவார்.

அந்நாட்டில் முதியோரைப் பெற்ற பிள்ளைகள் இல்லத்தில் தள்ளிவிடுகின்றனர் என்று நாம் மேடையில் பேசுவதுண்டு. முன்பு நானும் பட்டிமன்றத்தில் அப்படிப் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். நேரில் கண்டபோது அவ்வளவு எளிதாக இல்லை. ஜெர்மனியில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். முதுமைப் பராமரிப்புக்கென்றே 1995 முதல் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. ஊதியத்தில் ஒரு பகுதி அதற்குப் போகிறது. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று ஐந்து படிகளாக மதிப்பிட்டு, அதற்கேற்பப் பணம் தருகின்றனர். மீதிச் செலவை முதியவர் ஏற்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதிக்காத பிள்ளையிடம் அதைக் கேட்கலாகாது என்ற சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலோ 2007ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையை நேராகப் பிள்ளைகள் தலையில் வைக்கிறது. பேரன் பேத்தியரும் அச்சட்டத்தில் 'பிள்ளைகள்' என்னும் சொல்லுக்குள் அடங்குவர். இந்த வரியை நான் ஹாலேயில் ஒரு கருத்தரங்குக்காகப் படித்தேன். அப்போது அது எனக்கு வெறும் செய்தியாகவே இருந்தது.

2023 ஜூன் கடைசியில் அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். ஆச்சி அடுப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, திருநெல்வேலியில் அறுவை செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று, எழுந்திருக்கவில்லை. எனக்கு விடுப்பு நாட்கள் மிச்சம் இருந்தன. சித்தப்பா பணம் தந்தார். இரண்டு வாரத்துக்கு ஊர் வந்தேன்.

பொதிகை வண்டியில் காலையில் தென்காசி வந்து இறங்கியபோது சாரல். ஜூலை மாதத்துச் சாரல் முகத்தில் படும்போது உண்டாகும் உணர்வை இவ்வூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லியும் விளங்காது. மேற்கே மலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. கோபுரம் மட்டும் தெரிந்தது.

வீட்டில் ஆச்சி நார்க்கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். என் தந்தையைப் பெற்றவள். நாற்பது ஆண்டுகள் சீசனுக்குச் சீசன் ஐந்தருவிப் பாதையில் கூடை வைத்து மங்குஸ்தான் விற்றவள். அந்தக் குரலுக்கு ஐந்தருவி இரைச்சலே அடங்கும் என்பார்கள். இப்போது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசினாள். பக்கத்தில் தரையில் அம்மா, மடியில் சுளவு, சுளவில் இலையும் தூளும், கையில் பாதி சுற்றிய பீடி. ஆச்சி முனகினால் பீடியைக் கீழே வைத்துவிட்டு எழுவாள், தூக்கி உட்கார வைப்பாள், துடைப்பாள், கையைக் கழுவிவிட்டு மறுபடி பீடி. நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றினவள் அறுநூறுக்கு இறங்கியிருந்தாள். எவனுக்கோ நான் ஓராண்டு இலவசமாகச் செய்த வேலையை, இவள் கூலியை இழந்து செய்துகொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சாப்பிட்டியா?"

ஆச்சியின் முதுகைப் பார்க்க வேண்டும் என்றேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிவப்பைத் தேடினேன், சிவப்பு இல்லை. எனக்குப் பாடம் நடத்தியவர்கள் வெள்ளைத் தோலை வைத்து நடத்தினார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. வால் எலும்பின்மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் மற்ற இடத்தைவிடக் கருத்திருந்தது. தொட்டால் சூடாகவும் இறுகியும் இருந்தது. ஓரத்தில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. அழுத்தம் குறையட்டும் என்று அம்மா ஒரு பழைய சைக்கிள் டியூப்பைத் துணி சுற்றி வளையமாக அடியில் வைத்திருந்தாள். யாரோ சொன்ன யோசனை; நம் ஊரில் பலரும் செய்வது. உண்மையில் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கும் தோலுக்கு இரத்தம் போவதைத்தான் குறைக்கும். அதை எடுத்துவிட்டேன். அம்மா முகம் சுண்டிப் போயிற்று. நான் சொன்ன விதம் சரியில்லை. சில மாதம் வேலை செய்தவன் பத்து நாள் உறங்காதவளிடம் பேசியதுபோல் பேசவில்லை.

அடுத்து, குளிப்பாட்டுகிறேன் என்று முன்வந்தேன். ஹாலேயில் எத்தனையோ பாட்டிமாரைக் குளிப்பாட்டியவன் அல்லவா? ஆச்சி சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏல, ஆம்பளப் பய நீ. தொடாத. அவ வரட்டும்."

"ஆச்சி, எனக்கு இது வேலைதான். அங்க தெனமும் செய்யுதேன்."

"அங்க செய்யி. நான் உங்க ஆச்சில்லா."

கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்ற விதி நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன். பதினோராயிரம் ரூபாய் குறைவாக இருந்ததால் மூன்று விமானம் மாறி வந்தவன், செய்யத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய முடியாமல் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

செய்யக்கூடியது ஒன்று இருந்தது: தெரிந்ததை அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு மதினிக்கும் சொல்லிக் கொடுப்பது. தனி ஆளாய்த் தூக்கினால் அம்மாவின் இடுப்பு ஒடிந்துவிடும். தூக்கவே கூடாது. பழைய நூல் சேலை ஒன்றை நான்காய் மடித்து ஆச்சியின் முதுகுக்கடியில் விரித்தோம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் சேலையைப் பிடித்து இழுத்தால் உடம்பு தானே உருளும். முழுக்க ஒருக்களிக்க வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சுத் தலையணையைச் செருகிச் சாய்வாகப் படுக்க வைத்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். வலம், மல்லாக்க, இடம் என்று மாற்றி மாற்றி. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, நேரம் குறித்து, சுவரில் ஒட்டினேன்.

அந்தத் தாளை அம்மா ஒரு நாள்தான் பார்த்தாள். மறுநாள் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரத்துக்கு நான் எரநூறு பீடி சுத்துவேன். எரநூறு ஆனதும் புரட்டிருதேன். உன் தாளு எதுக்கு?" என்றாள். எந்தப் பாடநூலிலும் இதைவிட நல்ல முறை இல்லை.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். அதன்படி வந்த செவிலியர் புண்ணைத் துடைத்து மருந்திட்டார். சுவரில் இருந்த தாளையும் சேலையையும் பார்த்துவிட்டு, இதை யார் சொன்னது என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டவில்லை. "நாங்களா செஞ்சதுதான்" என்றாள். அது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஒருநாள் ஆச்சி அருவித் தண்ணி கேட்டாள். அதிகாலை நான்கு மணிக்கு நண்பனின் வண்டியில் இரண்டு கேன்களுடன் குற்றாலம் போனேன். தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டர். பேரருவிக்கரையில் அந்நேரத்திலும் கூட்டம். எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் கூடாது என்று 2014இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஆனாலும் காலுக்கடியில் ஷாம்பூ உறைகள் மிதிபட்டன. கூட்டத்தில் இடிபட்டு நிரப்பிக்கொண்டு வந்தேன். ஆச்சிக்குக் குளிரக் கூடாது என்று அடுப்பில் வைக்கப் போனேன். அம்மா தடுத்துவிட்டாள். அருவித் தண்ணீரை எவனாவது சுடவைப்பானா என்று ஏச்சு. மதினியும் அம்மாவும் ஆச்சியைத் துடைத்தார்கள். நான் வெளியே நின்றேன். கடைசியில் ஆச்சி என்னைக் கூப்பிட்டுக் காலை நீட்டினாள். "காலு மட்டும் நீ கழுவு." கழுவினேன். நகம் வெட்டினேன். வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அந்த ஊர்க் கெழவிக்குப் பிள்ளைக உண்டா?"

"ரெண்டு பேரு உண்டு ஆச்சி."

"வருவாங்களா?"

"கிறிஸ்துமசுக்கு வந்தாங்க."

"உங்க அத்தை மாதிரிதான்." அத்தை சென்னையில் இருக்கிறாள்; பொங்கலுக்கு வருவாள்.

திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்கிற்று. ஒப்பந்தம் ஆகஸ்டு முடிய. இன்னும் ஆறு வாரம். போவதா, இருப்பதா? தந்தையார் வாய்விட்டுச் சொன்னார்: "அங்க உள்ள கெழவிய பாக்க ஆள் உண்டு. இங்க உள்ளவள யாரு பாப்பா?" அவர் சொன்னது தவறில்லை. ஆனால் சொன்ன அவரும் ஒருநாள்கூடச் சேலையின் ஒரு முனையைப் பிடித்தவரல்லர் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நான் அதைக் கேட்டேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மா, "ஆளைப் புரட்டணும்" என்று கூப்பிட்டபோது, என்னை முந்திக்கொண்டு எழுந்து போனார்.

புறப்படுவதற்கு முதல்நாள் கோயிலுக்குப் போனேன். காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எந்நேரமும் காற்று மோதும். பதினைந்தாம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்றை நம் துறையில் பாடமாகப் படித்திருக்கிறோம். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்து, யாரேனும் அதைச் சரிசெய்தால், அவர் எவராயினும் உலகறிய அவரைப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. பிறக்காத ஒருவனுக்கு ஒரு மன்னன் முன்கூட்டியே கும்பிடு போட்டு வைத்திருக்கிறான். கோபுரம் பின்னாளில் சிதைந்து, நீண்ட காலம் மொட்டையாய் நின்று, 1990இல் மீண்டும் எழுந்ததை நம் பெற்றோர் கண்டிருக்கின்றனர். எஸ்ன் ஊருக்கு மண்வெட்டியோடு போன ஜெர்மானியரை இந்தப் பாண்டியன் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஹாலேக்குத் திரும்பினேன். கொடுத்த வாக்கு, எழுதிய ஒப்பந்தம், அம்மா "போயிட்டு வா" என்று சொன்னது, எல்லாம் காரணங்கள்தாம். ஆச்சி ஆகஸ்டு 20 அன்று, நான் வருவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், தூக்கத்தில் போய்விட்டாள். முதுகுப் புண் அநேகமாக ஆறியிருந்தது என்று அக்காள் சொன்னாள். நான் போனது சரி என்று நிறுவ இக்கட்டுரையில் முயலப் போவதில்லை. எனக்கே அது தெளிவாகவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அறையில் தனியே உட்கார்ந்து என்ன செய்வது? வேலைக்குப் போனேன். பதினான்காம் அறை அம்மையாரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் இன்று பேசவில்லை என்று கேட்டார். என் பாட்டி இறந்துவிட்டார் என்றேன். சற்று யோசித்தார். "என் பாட்டியும் இறந்துவிட்டாள்" என்று சொல்லி, ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் வந்து சேர்ந்த பின் எனக்கு ஓர் உண்மை தெரிய வந்தது. தந்தையார் கேட்ட பாஸ்போர்ட்டுக் கேள்விக்கு அதுவே பாதி பதில். முதியோர் பராமரிப்பைத் தன்னார்வத் தொண்டாய்ச் செய்யும் முறையைக் காண நான் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்க வேண்டியதில்லை. புளியரையைத் தாண்டினால் போதும். கேரளத்தில், கோழிக்கோட்டில், 1993ஆம் ஆண்டு வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. பிறகு மலப்புரம் பக்கம் 'அயலக வலைப்பின்னல்' என்ற முறை வளர்ந்தது. ஓர் ஊரில் படுக்கையில் கிடப்பவர் யார் யார் என்று அவ்வூர்க்காரர்களே கணக்கெடுக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தர முடிந்தவர்கள் பயிற்சி பெற்று வீடுகளுக்குப் போகிறார்கள். புண் துடைக்கச் செவிலியர் உடன் வருவார். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்து ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. செங்கோட்டையிலிருந்து இரயிலேறி, பதிமூன்று கண் பாலம் கடந்து, புனலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சிக்குப் போய் ஒருநாள் அவர்களுடன் சுற்றினேன். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கல்லூரிப் பையன்கள் இருவர். ஏழு வீடுகள். ஒரு வீட்டில் புரட்டிப் போடுவது மட்டும். ஒரு வீட்டில், காவலிருக்கும் மகள் கடைத்தெருவுக்குப் போய்வர ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது மட்டும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் எங்கள் அம்மாவுக்கு யாரும் தரவில்லை.

நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. 2021ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு 16.5 பேரும், தமிழ்நாட்டில் 13.6 பேரும் அறுபதைக் கடந்தவர்கள். இந்தியாவிலேயே முதலிரண்டு இடங்கள் இவை.

வெளிநாடு போக விரும்பும் தோழர்கள் தாராளமாகப் போகலாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்துக்கு உச்ச வயது 28. முன்பணமாகப் பெருந்தொகை கேட்கும் தரகரிடம் மட்டும் போகாதீர்கள். இரண்டு மூன்று வாரம் மட்டும் போய்வரச் 'சர்வீஸ் சிவில்' போன்ற அமைப்புகளின் முகாம்கள் உண்டு. அங்கே உணவும் இடமும் தருவார்கள், பயணச் செலவு நம்முடையது. மொழிப் பயிற்சி முதல் விசா வரை எனக்குத் தெரிந்ததை எவர் கேட்டாலும் சொல்லுவேன். மதிய இடைவேளையில் நூலகத்தின் பின்பக்க வேப்பமரத்தடியில் இருப்பேன்.

அதற்கிடையில், நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்கள் நால்வரும் நானும் சென்ற கார்த்திகையிலிருந்து சனிக்கிழமை காலைகளில் மூன்று வீடுகளுக்குப் போய் வருகிறோம். அப்பகுதிச் செவிலியரிடம் கேட்டு, அவர் சொல்லிக் கொடுத்ததை மட்டும் செய்கிறோம். ஐவரில் நால்வர் ஆண்கள். மேலகரத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். மருமகள் பீடித் தொழிலாளி. எங்களைக் கண்டதும் அவர் சேலையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். எங்களுடன் வரும் ஒரே தோழிக்கு இந்தப் பருவத்தில் தேர்வு. மாணவியர் இருவர் வர இசைந்தால் அந்த வீட்டுக்கும் தவறாமல் போகலாம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பதுக்குள் முடிந்துவிடும்.